ரமணரின் கையில் வந்த கட்டி: அரிய புற்றுநோய்களுக்கு ஏன் நோயாளிப் பதிவேடு வேண்டும்?

திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைச் சுற்றி எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. முனகால வெங்கடராமய்யா 1935 முதல் 1939 வரை ஹாலில் நடந்த உரையாடல்களைக் குறித்து வைத்தார். தேவராஜ முதலியார் நாட்குறிப்பு எழுதினார். சூரி நாகம்மா தன் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எந்தப் பசு எப்போது கன்று போட்டது என்பது வரைக்கும் இன்று படிக்கக் கிடைக்கிறது.

1948 நவம்பரில் அவருடைய இடது கையில், முழங்கைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. சரியாக 17 மாதம் கழித்து அவர் காலமானார். அந்தக் கட்டியின் பெயர் சார்கோமா. புற்றுநோய்களிலேயே அரிதான வகை. அவர் பேசியதற்கு அத்தனை பதிவு இருந்த ஊரில், அந்த மாதிரி ஒரு கட்டியை இதற்கு முன் எத்தனை பேருக்குப் பார்த்தோம், என்ன செய்தபோது என்ன ஆனது என்று ஒரு மருத்துவர் எடுத்துப் பார்க்க ஒரு பதிவேடு இல்லை. ஊரில் மட்டுமல்ல, அன்றைய இந்தியாவிலேயே மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு என்று ஒன்று கிடையாது.

அரிய புற்றுநோய்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் கர்ப்பப்பையிலும் சினைப்பையிலும் வரும் அரிய வகைகளுக்கு, நோயாளிகளின் தகவல்களைத் திரட்டி வைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ள ரமணரின் கடைசி 17 மாதங்கள் உதவும்.

மூன்று ரூபாயுடன் கிளம்பிய சிறுவன்

வேங்கடராமன் என்ற இயற்பெயர் கொண்ட ரமணர் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரம் ஐயர் அங்கே வக்கீல். அம்மா அழகம்மாள். அப்பா இறந்த பிறகு மதுரையில் சித்தப்பா வீட்டில் படிப்பு. 1896 ஜூலையில், 16 வயதில், திடீரென்று சாவு பயம் பிடித்தது. உடம்பில் எந்த நோயும் இல்லை. படுத்துக் கையைக் காலை நீட்டி, செத்துப்போவது இந்த உடம்பா நானா என்று தனக்குள் விசாரித்ததுதான் அவர் வாழ்க்கையின் திருப்பம் என்று எல்லா வரலாறுகளும் சொல்கின்றன.

ஆறு வாரம் கழித்து, கல்லூரிக் கட்டணம் கட்ட அண்ணன் கொடுக்கச் சொன்ன 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினார். விழுப்புரம் வரை ரயில். அப்புறம் கையில் இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயில். அங்கிருந்து நடை. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். 1896 செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலையில் இறங்கினார். அதற்கப்புறம் 54 வருடம் அந்த மலையை விட்டு எங்கேயும் போகவில்லை.

முதல் சில மாதங்களில் அவர் உடம்பைப் பற்றிக் கவலையே படவில்லை. கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே இருட்டுக் குழியான பாதாள லிங்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டன. தூக்கிக்கொண்டு வெளியே வைத்தபோதும் அவருக்குத் தெரியவில்லை என்கிறார்கள். பிறகு குருமூர்த்தம், 1899 முதல் விருபாட்சி குகை, 1916 முதல் கந்தாசிரமம். அம்மா அழகம்மாள் கடைசிக் காலத்தில் மகனிடமே வந்து தங்கினார். 1922-ல் அவர் காலமானதும் மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ரமணாசிரமம்.

1907-ல் காவ்யகண்ட கணபதி முனி அவருக்கு ரமண மகரிஷி என்று பெயர் வைத்தார். 1931-ல் வந்த பால் பிரண்டன் எழுதிய புத்தகம் வெளிநாட்டுக்காரர்களை வரிசையாக வரவழைத்தது. சாமர்செட் மாம் 1938-ல் வந்து போனார். இத்தனைக்கு நடுவிலும் விடிவதற்கு முன் சமையல்கட்டில் காய்கறி நறுக்குவது ரமணரின் வேலையாக இருந்தது. மூட்டுவலி உண்டு, கைத்தடி ஊன்றி நடப்பார். மற்றபடி பெரிய நோய் இல்லை. அந்தக் கட்டி வரும் வரைக்கும்.

நான்கு அறுவை, ஒரு கேள்வி

கட்டி முதலில் பெரிதாக யாரையும் பயமுறுத்தவில்லை. வலி அதிகமில்லாத சின்ன வீக்கம். 1949 பிப்ரவரியில் ஆசிரமத்து மருத்துவர் அதை வெட்டி எடுத்தார். கொழுப்புக்கட்டியையோ நீர்க்கட்டியையோ எடுப்பதுபோல ஒரு சிறு அறுவை. புண் ஆறியது. ஒரு மாதத்துக்குள் அதே இடத்தில் மறுபடி வளர்ந்தது, இந்த முறை வேகமாக.

மார்ச் 17 அன்று அம்மாவின் சமாதிக் கோயிலுக்குக் குடமுழுக்கு. ஆசிரமத்தில் பெருங்கூட்டம். அது முடிந்த பத்து நாளில், சென்னையிலிருந்து வந்த அறுவை மருத்துவர் ராகவாச்சாரி இரண்டாவது அறுவையைச் செய்தார். ரேடியம் வைத்தும் சிகிச்சை கொடுத்தார்கள். இது சாதாரணக் கட்டியல்ல, சார்கோமா என்று இப்போது தெரிந்துவிட்டது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் கையைத் தோளோடு எடுத்துவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் ஆலோசனை. ரமணர் மறுத்துவிட்டார். உடம்பே ஒரு நோய்தானே, அது தன் போக்கில் முடியட்டும் என்பது அவர் நிலை.

அப்புறம் நடந்தது பல தமிழ்க் குடும்பங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பச்சிலைச் சாறு, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாம் வந்தன. ஒருவர் மருந்தை மற்றவர் நிறுத்தச் சொன்னார். எது வேண்டும் என்று பக்தர்கள் கேட்டால், அவர் அவர்களிடமே விட்டுவிட்டார். யாரையும் நோகடிக்கக் கூடாது என்பதற்காகக் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது. ஆகஸ்ட் 7 அன்று மூன்றாவது அறுவை. டிசம்பர் 19 அன்று நான்காவது. கட்டி ஒவ்வொரு முறையும் திரும்பியது. உடம்பு தளர்ந்துகொண்டே போனது. ஆனாலும் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்: தரிசனம் நிற்கக் கூடாது. கடைசி நாட்களிலும் சின்ன அறையில் படுத்திருந்த அவரைக் கடந்து மக்கள் வரிசையாகப் போனார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு, வெளியே பக்தர்கள் அட்சரமணமாலை பாடிக்கொண்டிருக்க, மூச்சு நின்றது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸான் அப்போது ஊரில் இருந்தார்.

முதல் அறுவையே வேறுமாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. குறை சொல்வதிலும் அர்த்தமில்லை. 1949-ல் ஒரு கட்டியைப் பார்த்தால் உலகம் முழுக்க மருத்துவர்கள் செய்தது அதைத்தான். கை எடுத்தால் பிழைப்பாரா, எவ்வளவு காலம் இருப்பார் என்று கேட்டிருந்தால் எந்த மருத்துவராலும் எண்ணிக்கையோடு பதில் சொல்லியிருக்க முடியாது. தன் வாழ்நாளில் பார்த்த நாலைந்து பேரை வைத்துத்தான் ஒருவர் முடிவு செய்ய முடிந்தது.

சார்கோமா ஏன் ஏமாற்றுகிறது?

நமக்குப் பழக்கமான மார்பகம், வாய், வயிறு, கருப்பை வாய் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்கள் பெரும்பாலும் உறுப்புகளின் உட்பக்க, வெளிப்பக்கத் தோல் போன்ற அடுக்கில் உருவாகின்றன. சார்கோமா அப்படியல்ல. தசை, கொழுப்பு, நரம்பு உறை, எலும்பு என்று உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் திசுக்களில் வருகிறது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சுமார் 1 சதவீதம்தான் இது. அந்த 1 சதவீதத்துக்குள்ளும் 50-க்கு மேற்பட்ட உள்வகைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

கையில், தொடையில் வருகிற வீக்கங்களில் மிகப் பெரும்பாலானவை சாதாரணக் கொழுப்புக்கட்டிகள். நூற்றுக்கணக்கான கொழுப்புக்கட்டிகளுக்கு நடுவில் ஒரு சார்கோமா ஒளிந்து வரும்போது, மருத்துவரும் வழக்கம்போல வெட்டி எடுத்துவிடுகிறார். இதைத் திட்டமிடாத அறுவை என்கிறார்கள். கட்டியைச் சுற்றி நல்ல திசுவையும் ஒரு வளையமாகச் சேர்த்து எடுக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத செல்கள் அங்கேயே தங்கிவிடும். அப்புறம் அதே இடத்தில் திரும்பும். இன்றைக்கு விதி வேறு: கட்டி பெரிதாக இருந்தாலோ வளர்ந்துகொண்டே போனாலோ ஆழத்தில் இருந்தாலோ, முதலில் எம்ஆர்ஐ, பிறகு ஊசி மூலம் பயாப்ஸி, அதற்கப்புறம்தான் கத்தி.

கையை எடுப்பதா என்ற கேள்விக்கும் விடை வந்தது, 1982-ல். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கை, காலில் சார்கோமா வந்த 43 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 16 பேருக்கு உறுப்பை நீக்கினார்கள். 27 பேருக்கு உறுப்பை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் அகலமாக எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். உறுப்பைக் காப்பாற்றியவர்களில் 4 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது, நீக்கியவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. ஆனால் உயிரோடு இருந்தவர்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகுதான் கையை, காலை எடுப்பது கடைசி வழியாக மாறியது. வெறும் 43 பேர்! அத்தனை பேரை ஒரே இடத்தில் ஒரே முறையில் பதிவு செய்து, வருடக்கணக்கில் பின்தொடர்ந்ததுதான் விஷயம்.

கர்ப்பப்பையிலும் அதே கதை

இதே சார்கோமா பெண்களின் கர்ப்பப்பைத் தசையிலும் வரும். அங்கே ஏமாற்றுவது இன்னும் சுலபம். ஏனென்றால் கர்ப்பப்பையில் நார்த்திசுக்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு, மிகச் சாதாரணம். ஊரில் கர்ப்பப்பைக் கட்டி என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஸ்கேனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும்.

லேப்ராஸ்கோப்பி அறுவை பரவியபோது, கட்டியைச் சின்னத் துளை வழியாக வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு மார்சிலேட்டர் என்ற சுழலும் கருவி வந்தது. வயிற்றுக்குள்ளேயே கட்டியை அரைத்து, துண்டு துண்டாக இழுத்து வெளியே எடுத்துவிடும். ஃபைப்ராய்டு என்றால் பிரச்சினையில்லை. ஆனால் அது சார்கோமாவாக இருந்துவிட்டால்? புற்றுநோய்ச் செல்கள் வயிறு முழுக்கத் தெளிக்கப்பட்டுவிடும். 2013-ல் போஸ்டனில் ஒரு பெண் மருத்துவருக்கு, ஆறு குழந்தைகளின் தாய்க்கு, அப்படித்தான் நடந்தது. அவரும் கணவரும் பல வருடம் பகிரங்கமாகப் போராடினார்கள். 2017-ல் அவர் இறந்துபோனார்.

இது ஒரு தனி நபரின் துரதிர்ஷ்டமா, அல்லது எல்லோரும் கவலைப்பட வேண்டிய விஷயமா? இந்தக் கேள்விக்குக் கண்ணீர் பதில் சொல்லாது, எண்ணிக்கைதான் சொல்லும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியான ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, 2014 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை விட்டது. ஃபைப்ராய்டு என்று நினைத்து அறுவை செய்துகொள்ளும் பெண்களில் சுமார் 350 பேருக்கு ஒருவருக்குக் கண்டறியப்படாத சார்கோமா இருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. அதுவரை பல மருத்துவர்கள் நோயாளிகளிடம் சொல்லி வந்தது ஆயிரங்களில் ஒருவர் என்ற கணக்கு. பிறகு வந்த சில ஆய்வுகள் 350-ல் ஒன்று என்பது மிகை என்றன. விவாதம் இன்னும் முழுசாக ஓயவில்லை. ஆனால் கருவியின் பயன்பாடு சட்டென்று குறைந்தது, வயது கூடினால் அபாயம் கூடும் என்பதும் தெளிவானது.

அந்த விவாதமே ஒரு பாடம். பல இடங்களில் சிதறிக் கிடந்த, பல விதமாக எழுதப்பட்ட பழைய தகவல்களைச் சேர்த்தால் கணக்கு முன்னே பின்னேதான் வரும். ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக ஒரே பதிவேட்டில் எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

முத்துப்பிள்ளையும் தபாலில் போன சாம்பிளும்

பதிவேடு ஓர் அரிய நோயின் தலையெழுத்தையே மாற்றியதற்குச் சிறந்த உதாரணம் முத்துப்பிள்ளை கர்ப்பம். கரு உருவாவதற்குப் பதில் நஞ்சுத்திசு திராட்சைக் கொத்து மாதிரி வளர்ந்துவிடும். பெரும்பாலும் சுத்தம் செய்துவிட்டால் சரியாகிவிடும். சிலருக்கு அது புற்றுநோயாக மாறும். அதன் தீவிர வடிவம் கோரியோகார்சினோமா. 1950களின் நடுப்பகுதி வரைக்கும் அது உடம்பில் பரவிவிட்டால் சாவு ஏறக்குறைய நிச்சயம்.

1956-ல் அமெரிக்காவில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் குழுவினர் மீத்தோட்ரெக்சேட் மருந்தால் அதைக் குணப்படுத்திக் காட்டினார்கள். அந்த வகை மருந்துகள் பிறந்தது எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையில் இயங்கிய லெடர்லி ஆய்வகத்தில். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இளம் வயதில் ராமகிருஷ்ண மடத்தில் துறவியாகச் சேர ஆசைப்பட்டவரும்கூட, அம்மா விடவில்லை. ரமணரின் கையில் கட்டி தெரிந்த அதே 1948-ல்தான் சுப்பாராவ் நியூயார்க்கில் இறந்தார்.

மருந்து கிடைத்துவிட்டது. யாருக்கு எப்போது கொடுப்பது? முத்துப்பிள்ளை வந்த எல்லோருக்கும் கீமோ கொடுத்தால் தேவையில்லாதவர்களும் கஷ்டப்படுவார்கள். காத்திருந்தால் சிலருக்கு முற்றிவிடும். 1973-ல் பிரிட்டன் ஒரு வழி செய்தது. நாட்டில் எங்கே முத்துப்பிள்ளை கர்ப்பம் வந்தாலும் அந்தப் பெண்ணின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். லண்டன், ஷெஃபீல்ட், டண்டீ என்று மூன்றே மையங்கள். பதிவானதும் பெண்ணின் வீட்டுக்கே சாம்பிள் குப்பி தபாலில் வரும். ரத்தத்தையோ சிறுநீரையோ எடுத்துத் திருப்பி அனுப்பினால், கர்ப்ப ஹார்மோன் அளவு குறைகிறதா ஏறுகிறதா என்று மையத்தில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஏறினால் மட்டும் அழைப்பு.

இப்படிச் சேர்ந்த தகவலிலிருந்து பல விஷயங்கள் தெளிவாயின. முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்குக் கீமோ தேவைப்படும். பகுதி முத்துப்பிள்ளையில் அது சுமார் 1 சதவீதம்தான். வயது, ஹார்மோன் அளவு, எங்கே பரவியிருக்கிறது என்பதையெல்லாம் வைத்து மதிப்பெண் போடும் முறை வந்தது. மதிப்பெண் 6 வரை என்றால் ஒரே மருந்து, 7 அல்லது அதற்கு மேல் என்றால் பல மருந்து. இன்று இந்தியாவிலும் மகப்பேறு மருத்துவர்கள் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். பிரிட்டனில் குணமாகும் விகிதம் 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சிகிச்சை முடிந்து மறுபடி குழந்தை பெற்றுக்கொண்டவர்கள் ஏராளம்.

பதிவேட்டோடு திசுவையும் சேமித்தால் இன்னும் பலன். சினைப்பையில் வரும் கிரானுலோசா செல் கட்டி ஒரு அரிய வகை. 2009-ல் கனடாவின் வான்கூவர் குழு முதலில் நாலே நாலு கட்டிகளின் மரபணுவைப் படித்தது. நாலிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. சேமித்து வைத்திருந்த மற்ற மாதிரிகளில் தேடியபோது, பெரியவர்களுக்கு வரும் வகையில் 89-ல் 86 கட்டிகளில் அதே பிழை இருந்தது. இன்று சந்தேகமான கட்டி வந்தால் அந்த ஒரு பிழையைப் பார்த்தே பெயர் சொல்லிவிடலாம்.

பிரான்ஸ் இன்னொரு படி போனது. அங்கே பெண்களின் அரிய புற்றுநோய்களுக்கென்றே ஒரு தேசிய வலையமைப்பு லியோன் நகரை மையமாக வைத்து இயங்குகிறது. ஊர் மருத்துவமனையில் ஒரு அரிய கட்டி தெரிந்தால், திசு ஸ்லைடை நிபுணர் இன்னொரு முறை பார்ப்பார். சிகிச்சையைக் குழுவாகக் கலந்து பேசுவார்கள். விவரம் பொதுத் தரவுத்தளத்தில் ஏறும். சார்கோமாவுக்கும் அதேபோல் ஒன்று உண்டு. 2010 முதல் 2014 வரை அதில் பதிவான 12,528 நோயாளிகளை ஆராய்ந்தபோது, சிகிச்சை தொடங்கும் முன்பே நிபுணர் குழுவிடம் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. முதல் கத்தி வைப்பதற்கு முன் கேட்பதும் வைத்த பிறகு கேட்பதும் ஒன்றல்ல. இது குலுக்கல் முறை ஆய்வு இல்லை என்பதால், குழுவிடம் போனவர்கள் வேறு காரணத்தாலும் நன்றாக இருந்திருக்கலாம். தரவுத்தளம் சொல்வதெல்லாம் வேதவாக்கு ஆகிவிடாது. ஆனால் 12,000 பேரின் அனுபவம் என்பது நாலு பேரின் அனுபவம் அல்ல.

தமிழ்நாட்டில் என்ன இருக்கிறது?

ரமணர் கடைசி அறுவைகளுக்கு உள்ளான அதே 1949-ல், சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தவர் அவர். சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் பர்னார்ட் கதிரியக்கக் கழகத்தில் 1934 முதலே கதிர்வீச்சுச் சிகிச்சை இருந்தது. ஆனால் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை தென்னிந்தியாவில் இல்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் 12 படுக்கைகளோடு திறந்தபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது.

இந்தியாவின் முதல் மக்கள்தொகை சார்ந்த பதிவேடு 1963-ல் மும்பையில் வந்தது. சென்னை மாநகருக்கு 1982 ஜனவரியில், அடையாறில். பிறகு 2003-ல் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில். 2012 முதல் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் உள்ளடக்குகிறது. திருவண்ணாமலையும் அதில் உண்டு. ஒரு மாநிலம் முழுவதையும் இப்படிப் பதிவுக்குள் கொண்டுவந்தது இந்தியாவில் சாதாரண விஷயம் அல்ல.

ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் புரிய வேண்டும். மக்கள்தொகைப் பதிவேடு எத்தனை பேருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் என்று எண்ணுகிறது. அரிய புற்றுநோய்க்கு அது மட்டும் போதாது. எந்த உள்வகை, ஸ்லைடை இரண்டாவதாக யார் பார்த்தார்கள், எந்த மருந்து எத்தனை சுற்று, எப்போது திரும்பியது, இப்போது எப்படி இருக்கிறார் என்பதெல்லாம் வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய் மாதிரி நிறையப் பேருக்கு வரும் நோய்க்கு ஒரு பெரிய மருத்துவமனையின் நோயாளிகளே போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய பரிசோதனைத் திட்டம், வினிகர் தடவிப் பார்க்கும் எளிய முறையால் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறையும் என்று 2007-ல் உலகத்துக்கே காட்டியது. அதைக் கணக்கிட முடிந்ததற்கு அம்பிளிக்கைப் பதிவேடு ஒரு காரணம். அரிய வகைகளுக்கு அந்த வசதி இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை 24.6 லட்சம். பெண்கள் பாதி. லட்சம் பெண்களில் ஒருவருக்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், மாவட்டம் முழுக்க வருடத்துக்குப் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. ஆரணிக்காரர்களுக்கு வேலூர் பக்கம். செய்யாறுக்காரர்களுக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டை பக்கம். சிலர் புதுச்சேரி ஜிப்மர், சிலர் அடையாறு, மீதிப் பேர் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது தனியார். ஒவ்வொரு மருத்துவருக்கும் வருடத்தில் இரண்டு பேர், மூன்று பேர். 1949-ல் இருந்த அதே நிலை, கட்டடங்கள் மட்டும் பெரிதாகிவிட்டன.

ஒரே ஆள் மூன்று மருத்துவமனைக்குப் போனால் மூன்று பேராகப் பதிவாகவும் வாய்ப்புண்டு. இந்த ஊர்ப்பக்கம் அருணாச்சலம், அண்ணாமலை, உண்ணாமலை என்ற பெயர்களுக்குக் கணக்கேயில்லை. ஒரு இடத்தில் அப்பா பெயர் இனிஷியல், இன்னொரு இடத்தில் கணவர் பெயர் இனிஷியல். வயதும் தோராயம். இவற்றைப் பொருத்திப் பார்த்து ஒரே ஆள்தானா என்று உறுதி செய்வது பதிவேட்டுப் பணியாளர்களின் பெரிய தலைவலி. அவர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், கோப்புகளையும் இறப்புப் பதிவுகளையும் பார்த்து எடுப்பதுதான் இங்கே வழக்கம். தகவல் தானாக வந்து சேர்வதில்லை.

இன்னொரு பெரிய ஓட்டை, தொடர்ச்சி அறுந்துபோவது. அறுவை முடிந்து கொஞ்சம் தேறியதும் கூலி வேலைக்குப் போகிற பெண், பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் பார்த்து மறு பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுவார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அதற்கப்புறம் வெற்றிடம். குணமாகிவிட்டாரா, நோய் திரும்பியதா, வேறு வைத்தியத்துக்குப் போனாரா, எதுவும் தெரியாது. இப்படி நாலில் ஒரு பங்கு வெற்றிடமானால் மீதியை வைத்து வரும் முடிவும் ஆடிப்போகும். பிரிட்டனின் தபால் குப்பி வெற்றி பெற்றதே, நோயாளியை அலைய விடாததால்தான். இங்கே அதற்கு இணையாகச் செல்போனும் கிராம சுகாதாரச் செவிலியரும் இருக்கிறார்கள்.

பயமும் உண்டு. கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால் மகளின் கல்யாணம் தடைபடுமோ என்று தாய்மார்கள் மறைக்கிறார்கள். அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆய்வுக்குத் தகவல் போகும்போது பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு எண்ணை மட்டும் வைப்பதுதான் முறை. இந்தியாவில் 2023-ல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் அரிய நோயில் ஒரு சிக்கல்: ஒரு வட்டத்தில் அந்த நோய் ஒரே ஒருவருக்குத்தான் என்றால், பெயர் இல்லாவிட்டாலும் ஆள் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஊர் அளவில் பிரிக்காமல் பெரிய பகுதியாகச் சேர்த்துத்தான் வெளியிட வேண்டும்.

குடும்பத்தினர் கேட்டு வாங்க வேண்டியவை

உடம்பில் எங்கே கட்டி எடுத்தாலும், சாதாரணக் கட்டிதான் என்று சொல்லப்பட்டாலும், அதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். குப்பையில் போடவோ, பாட்டிலில் போட்டு வீட்டுக்கு எடுத்துவரவோ கூடாது. ஆய்வகத்தில் திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதன் பெயர் பாராஃபின் பிளாக். அரிய வகை என்று அறிக்கையில் வந்தால், அந்தப் பிளாக்கையும் ஸ்லைடுகளையும் ரசீது போட்டு வாங்கி, புற்றுநோய்த் திசு நிபுணர் இருக்கும் மையத்தில் இன்னொரு முறை பார்க்கச் சொல்லலாம். கேட்டால் கொடுப்பார்கள்.

கர்ப்பப்பைக் கட்டிக்கு லேப்ராஸ்கோப்பி என்றால், கட்டியைப் பைக்குள் வைத்து எடுப்பீர்களா, உள்ளேயே அரைத்து எடுப்பீர்களா என்று அறுவைக்கு முன்பே கேட்பது நல்லது. மாதவிடாய் நின்ற பிறகு வளரும் கட்டி என்றால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்வகையின் பெயர், அறுவை ஓரங்களில் நோய் இருந்ததா, எந்த மருந்து எவ்வளவு என்ற மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே போன் நம்பர் கொடுத்தால் பதிவேட்டில் ஒரே ஆளாகச் சேரும். நம்பர் மாறினால் மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும்.